மியூ 0.45 எனக் கொள்க

வகுப்பில் எனக்குக் ‘கடைசிப் பக்கம்’ என்று பெயர். டைனமிக்ஸ் புத்தகத்தில் கணக்குகளுக்கான விடைகள் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். மற்றவர்கள் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, சமன்பாடு எழுதி, விடை வந்த பிறகு சரிதானா என்று பின்னால் திருப்பிப் பார்ப்பார்கள். நான் முதல் வேலையாகப் பின்னால் திருப்புவேன். விடை தெரிந்துவிட்டால் அங்கிருந்து நூல் பிடித்த மாதிரி மேலே ஏறிக் கேள்வியைத் தொட்டுவிடலாம். இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கலில் நாங்கள் நாற்பத்தாறு பேர். அத்தனை பேரிலும் என் நோட்டுதான் அதிகம் கைமாறும். அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

முதல் தேர்வில் மாட்டிக்கொண்டேன். சாய்தளத்தில் வழுக்கும் பெட்டியைப் பற்றிய கணக்கு ஒன்றைப் புத்தகத்திலிருந்து அப்படியே கொடுத்திருந்தார் சார். விடை எனக்கு மனப்பாடம். ஆனால் புத்தகத்தில் அந்த விடை அச்சுப்பிழை. தப்பான அந்த விடைக்கும் நான் எட்டு வரியில் அழகாக வழி போட்டுக் கொடுத்திருந்தேன். ஐந்தாவது வரியில் ஒரு கூட்டல் குறி சத்தமில்லாமல் கழித்தலாக மாறியிருந்தது. சார் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று எழுதி முட்டை போட்டிருந்தார். வகுப்பே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேனே தவிர, திருந்தவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பா வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார்.

அப்பா ஒரு தொழிற்சாலையின் ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு மதியம், தண்ணீர்த்தொட்டி மேட்டிலிருந்து இறங்கும் சரிவில், ஒரு பெயின்டர் சைக்கிளில் ஏணியைக் கட்டித் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்திருக்கிறார். அப்பா பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் சுற்றாமல் பூட்டிக்கொண்டன. பஸ் வழுக்கிக்கொண்டே போய், நிற்கப்போகிற கடைசி நொடியில், ஏணியில் மோதி நின்றது. ஏணி பெயின்டரின் காலை நடைபாதைக் கல்லோடு சேர்த்து நசுக்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் நொறுங்கிவிட்டன. இனி ஏணி ஏற முடியுமா என்பதை டாக்டர்களால் சொல்ல முடியவில்லை.

அந்தச் சரிவில் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. பஸ்ஸின் வேகமுள்ளோ இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்தது. அதைச் சரி செய்யச் சொல்லி அப்பாவே மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் விசாரணையில் அவர் என்ன வேகத்தில் வந்தார் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. மேனேஜர் ஃபைலை மூடிவிட்டு, ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று மூச்சு விட்டிருப்பார்கள். அப்பா வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஒரு வாரம் மூன்று வாரமாகிவிட்டது.

சோறு இறங்கவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. “ஆபீஸ்காரங்களே விட்டுட்டாங்க. இவரு தன்னைத்தானே விசாரணை பண்ணிட்டு உக்காந்திருக்காரு,” என்று அம்மா என்னிடம் புலம்புவாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வலியோடு வருகிறவர்களை நாள் முழுக்கச் சமாதானப்படுத்துகிறவளுக்கு வீட்டில் இருந்த ஒருத்தரைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் நான் மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

“ஏம்மா, ரோட்டுல டயர் தேச்ச கோட்டை வச்சு, வண்டி என்ன வேகத்துல வந்துச்சுன்னு சொல்ல முடியுமா?”

அது ஆறாம் பாடத்தில் நான்காவது கணக்கு. “முடியும்ப்பா,” என்றேன், பெருமையாக.

அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். “பதினெட்டு மீட்டர். அன்னிக்கே டேப் புடிச்சு அளந்தேன். ரெண்டு தடவை.”

“ஆபீஸ்ல கேட்டாங்களா?”

“ஆபீஸ் கேக்கல. நான் கேக்குறேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அன்னிக்கு நாலு நிமிஷம் லேட்டு. என் காதுக்கு நாப்பது மாதிரிதான் இன்ஜின் சத்தம் கேட்டுச்சு. ஆனா லேட்டா இருக்குறப்ப காது நமக்குச் சாதகமாத்தான் கேக்கும். எனக்குத் தெரியணும்மா. நான் வேகமா போனேனா இல்லையா. அவ்வளவுதான்.”

நான் அவருக்கு விளக்கினேன். வழுக்கிய தூரம் தெரியும். சரிவு எவ்வளவு என்று அளந்துகொள்ளலாம். வண்டியின் எடை தேவையில்லை, சமன்பாட்டின் இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுவிடும். இன்னும் ஒரே ஒரு எண் வேண்டும். ரோடு டயரை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று சொல்லும் எண். அதற்கு மியூ என்று பெயர்.

“மியூவா? பூனையா?”

“பூனைதான்ப்பா. ரோட்டை நகத்தால புடிச்சுக்குற பூனைன்னு வச்சுக்கோங்க.”

மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உருகிப்போனது. பிறகு நான் செய்ததற்கெல்லாம் அந்தச் சிரிப்புதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். செய்தது நான்தான்.

மறுநாள் கல்லூரி விட்டதும் அந்தச் சரிவுக்குப் போனேன். இரண்டு கறுப்புக் கோடுகள் மங்கினாலும் இன்னும் இருந்தன. போனைத் தரையில் வைத்துச் சரிவை அளந்தேன். ஆறு டிகிரி. வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். ஆறாம் பாடத்துக் கணக்கில், ‘உலர்ந்த தார்ச்சாலை, மியூ 0.7 எனக் கொள்க’ என்று இருந்தது. அப்படியே கொண்டேன். விடை வந்தது. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்.

ஹாலில் அப்பா டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வேண்டிய விடை நாற்பதுக்குக் கீழே இருந்தது. இந்த ஒரு கணக்குக்கு மட்டும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நானே என் மனதில் எழுதி வைத்திருந்தேன். மியூவை 0.6 ஆக்கினேன். நாற்பத்தேழரை வந்தது. 0.5 ஆக்கினேன். நாற்பத்திரண்டு. அட, இன்னும் கொஞ்சம்தான். 0.45 போட்டதும் முப்பத்தொன்பது புள்ளி ஆறு என்று வந்து நின்றது. ரோட்டில் மணல் கிடந்திருக்கலாம். டயர் பழசாக இருந்திருக்கலாம். மனசுக்குச் சமாதானம் சொல்ல ஆயிரம் ‘லாம்’ கிடைக்கும்.

நல்ல வெள்ளைத் தாளில், அப்பா படிக்கட்டும் என்று தமிழில், அடிக்கோடெல்லாம் போட்டு எழுதினேன். மூன்றாவது வரி: மியூ 0.45 எனக் கொள்க.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தத் தாளை வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். சமன்பாடு அவருக்குப் புரியவில்லை. மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“கொள்கன்னு போட்டிருக்கே. யாரு சொல்றது?”

“கணக்குல அப்படித்தான்ப்பா எழுதுவாங்க.”

“ஆர்டர் மாதிரி இருக்கு,” என்றார் மரியாதையாக.

‘எனக் கொள்க’ என்றால் ‘எனக்குத் தெரியாது, இப்படி வைத்துக்கொள்வோம்’ என்று அர்த்தம். பள்ளிக்கூடத்திலிருந்து ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். அதைப் படிக்கிறவர் மேலிடத்து உத்தரவு என்று எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடைசி வரியில் இருந்த முப்பத்தொன்பது புள்ளி ஆறை அவர் பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைத் துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

அன்றைக்கு இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அடுக்களையில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். “படிக்க வச்சது வீண் போகல,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கையில் ஆரஞ்சுப் பழம், பையில் என் கணக்கு. பெயின்டரைப் பார்க்க ஏற்கெனவே இரண்டு முறை போய், வார்டு வாசலோடு திரும்பி வந்தவர் அவர். இந்த முறை தைரியமாக உள்ளே நுழைந்தார்.

பெயின்டருக்கு நாற்பது வயதிருக்கும். காலுக்கு வெளியே கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. நகக்கண்ணில் இன்னும் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. அவருடைய மனைவி எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தம்பி, எனக்கு மூணு வாரமா தூக்கமில்ல,” என்று அப்பா ஆரம்பித்தார். “வேகமா வந்து உங்கள இப்படிப் பண்ணிட்டேனோன்னு. எம்பொண்ணு இன்ஜினியரிங் படிக்குது. கணக்குப் போட்டுப் பாத்துருச்சு. முப்பத்தொம்பதுலதான் வந்திருக்கேன். சத்தியமா உங்ககிட்ட சண்டைக்கு வரல. உங்களுக்கும் தெரியணும்ல.”

தாளை நீட்டினார். பெயின்டர் வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார்.

“கொள்கன்னு போட்டிருக்கு,” என்றார்.

“ஆமா.”

“படிச்ச புள்ள கொள்கன்னு சொன்னா கொண்டுக்க வேண்டியதுதான்.” சிரிக்கப் பார்த்தார். பிறகு தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். “அப்ப நான்தான் பாக்காம எறங்கிட்டேன் போல. ரெண்டு பக்கமும் பாத்தேன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். பஸ்ஸு தூரத்துல வந்த மாதிரிதான் இருந்துச்சு. சரி, என் கண்ணு அவ்வளவுதான்.”

அதுவரை பேசாமலிருந்த மனைவி வெடித்தார். “மூணு வாரமா என்கிட்ட என்ன சொன்னீங்க? பாத்துத்தான் எறங்கினேன், பாத்துத்தான் எறங்கினேன்னு! நானும் நம்பி இவங்களச் சபிச்சுட்டிருந்தேன். எந்த நெனப்புல போனீங்களோ. இனி ரெண்டு புள்ளைங்களையும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

பெயின்டர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். நான் அப்பாவின் மேலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்தேன் என்று நினைத்திருந்தேன். அது தரையில் இறங்கவில்லை. கால் உடைந்து படுத்திருந்த மனுஷனின் தலையில் இறங்கியிருந்தது.

திரும்பி வரும்போது அப்பா, “பாவம், நல்ல மனுஷன்,” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “வியாழக்கிழமை வண்டிய எடுக்குறேன்,” என்றார்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் சாரின் பின்னாலேயே போனேன். “சார், மியூ எவ்வளவுன்னு கணக்குல கொடுக்கலன்னா எப்படி சார் எடுக்குறது?”

என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசிப் பக்கத்துக்கு இப்படியொரு சந்தேகமா என்று நினைத்திருப்பார். “இழுத்துப் பாரு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை காலை இழுத்துப் பார்த்தேன். டயர்க் கடையில் அப்பா பஸ்ஸுக்குப் போடுகிற அதே ரக டயரின் துண்டு ஒன்றை வாங்கி, மேலே மணல் மூட்டை கட்டி, எல்லாம் சேர்ந்து சரியாக இருபது கிலோ வரும்படி செய்தேன். சரிவு முடிந்து ரோடு சமமாகிற இடத்திலும் அதே தார்தான். லேபிலிருந்து ஸ்பிரிங் தராசைத் தூக்கிக்கொண்டு என் வகுப்புத் தோழன் ‘ஸ்குரூ’ வந்திருந்தான். எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்க்கிறவன் என்பதால் அந்தப் பெயர். அவன் இழுக்க, டயர் நகர்ந்து போகும்போது தராசு முள் என்ன காட்டுகிறது என்று நான் பார்த்தேன். பதின்மூன்று கிலோ. பத்து முறை இழுத்தோம். பன்னிரண்டே முக்காலுக்கும் பதின்மூன்றேகாலுக்கும் நடுவிலேயே நின்றது. பதின்மூன்றை இருபதால் வகுக்க இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. 0.65.

“மணல் போட்டு இழு,” என்றேன்.

“மணல் இல்லியே இங்க.”

“போட்டு இழுடா.”

கையால் அள்ளித் தூவினேன். கெஞ்சுகிற மாதிரி இன்னும் ஒரு பிடி தூவினேன். முள் பதினொன்றுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. நடைபாதையில் உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். மணல் இருந்திருந்தால் நாற்பத்தைந்து. இல்லாவிட்டால் ஐம்பது. எப்படிப் புரட்டினாலும் நாற்பது வரவில்லை.

“அதான் விடை வந்துருச்சே. ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?” என்றான் ஸ்குரூ. அவனுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அப்பா மறுநாள் போடுவதற்குக் காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் சொல்லாமலே போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும்.

“அப்பா, அந்தக் கணக்கு தப்பு. நீங்க அம்பதுல வந்திருக்கீங்க.”

அவர் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “எங்க தப்பு?”

“தப்பு வரல. நான்தான் வரவச்சேன். நாப்பதுக்குக் கீழ வர்ற வரைக்கும் மியூவைக் குறைச்சுக்கிட்டே போனேன். அந்த 0.45 எங்கேருந்தும் வரலப்பா. இன்னிக்கு ரோட்டுல இழுத்துப் பாத்துட்டு வரேன். 0.65.”

அம்மாதான் முதலில் பேசினாள். “இத இப்ப உன்கிட்ட யாரு கேட்டா? மனுஷன் இப்பத்தான் எழுந்து நிக்கிறாரு. வாய மூடிக்கிட்டு இருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போகும்?”

“நீ இரு,” என்றார் அப்பா அவளிடம். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எனக்குச் சாதகமா போட்டுக் குடுன்னு நான் கேக்கலியேம்மா. தெரிஞ்சுக்கத்தானே கேட்டேன். எனக்குன்னு கேக்குறதுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?”

நான் அழுதேன். அவர் அழுகை நிற்கும் வரை காத்திருந்தார். அப்புறம், நான் யோசித்தே பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

“நாப்பதுல வந்திருந்தா எங்க நின்னிருக்கும்?”

அதே சமன்பாடு. வேகத்தைக் கொடுத்துத் தூரத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவர் எதிரிலேயே மேசையில் உட்கார்ந்து போட்டேன். எனக்கு இதற்கு விடை தெரியாது. வாழ்க்கையில் முதல் முறையாக விடை தெரியாமல், மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாக இறங்கினேன்.

“பதினொண்ணரை மீட்டர்ல நின்னிருக்கும்ப்பா.”

“பதினெட்டுல பதினொண்ணரை போனா?”

“ஆறரை.”

அப்பா எழுந்து வாசல் கதவில் முதுகை ஒட்டி நின்றார். அங்கிருந்து ஒரு மீட்டர் ஒரு மீட்டராகக் காலை அகட்டி வைத்து நடந்தார். எங்கள் ஹால் நாலரை மீட்டர்தான். சுவர் குறுக்கே வந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

“இவ்வளவு எடம் இருந்திருக்கு,” என்றார். “இதுக்கும் மேல.”

அம்மா எழுந்து போய் அவர் தோளைத் தொட்டாள். அவர் தேய்த்து வைத்திருந்த காக்கிச் சட்டையை விட்டுவிட்டு, கொடியில் கிடந்த பழைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். “கெளம்பும்மா. அந்த ஆளு தன் மேலயே பழியப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு,” என்றார். மேனேஜரைப் போய்ப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்றும் சொன்னார். அம்மா மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மூன்று பேரும் வார்டுக்குள் போனபோது பெயின்டரின் மனைவி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. அப்பா கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார்.

“தம்பி, அன்னிக்குக் காட்டுன கணக்கு பொய். நான் அம்பதுல வந்திருக்கேன். நாப்பதுல வந்திருந்தா உங்களுக்கு ஆறு மீட்டர் முன்னாடியே பஸ் நின்னிருக்கும். தப்பு என் மேலதான்.”

“பொய்யா எழுதுனது நான்தான் சார்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

பெயின்டர் எங்கள் யாரையும் திட்டவில்லை. மன்னிக்கவும் இல்லை. எங்களைப் பார்க்கவே இல்லை. சோற்றுக் கிண்ணத்தைப் பிடித்திருந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டியா? நான் பாத்துத்தான் எறங்கினேன்,” என்றார், சிரித்துக்கொண்டே. “நான் பாத்துத்தான்டி...” என்று மறுபடியும் ஆரம்பித்தார். இந்த முறை அவரால் முடிக்க முடியவில்லை.